ஆர்க்கெஸ்ட்ராவுக்கு முன் மூன்று பேர்

ஹைதராபாத்தில் மேற்கத்திய செவ்வியல் இசையைப் பற்றிப் பேச்செடுத்தால், அது சீக்கிரமே ஓர் ஏக்கத்தில் போய் முடியும்: மும்பைக்கு இருப்பதுபோல் நமக்கும் ஒரு சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா வேண்டும். ஆசை நியாயமானதுதான். ஆனால் மும்பையின் நிகழ்கலை மையமான என்.சி.பி.ஏ.வில் 2006இல் தொடங்கிய சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா, இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் பல நாற்காலிகளை நிரப்ப வெளிநாட்டுக் கலைஞர்களை நம்பியிருக்கிறது. பெரிய ஆர்க்கெஸ்ட்ரா என்றால் எண்பது, தொண்ணூறு பேர் வேண்டும். வயலின் வாசிப்பவர்களையாவது தேடிப் பிடிக்கலாம். ஓபோ, பசூன் போன்ற ஊதுகருவிகளுக்கு எங்கே போவது? அந்தப் பெருங்கனவுக்காகக் காத்திருப்பதைவிட மூன்று இளைஞர்களை ஒரே அறையில் ஐந்தாண்டு சேர்த்து வைத்திருப்பது இந்த ஊருக்குப் பயன் தரும் என்பதே என் வாதம். பியானோ, வயலின், செல்லோ சேர்ந்த இந்தக் குழுவைத்தான் ‘பியானோ ட்ரியோ’ என்கிறார்கள்.

நம் கச்சேரி மேடையிலும் பாட்டு, வயலின், மிருதங்கம் என்று பெரும்பாலும் மூவர்தான். ஆனால் யார் பிரதானம், யார் பக்கவாத்தியம் என்பதில் அங்கே சந்தேகமே கிடையாது. ட்ரியோவும் தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது. ஹைடன் நாற்பதுக்கும் மேற்பட்ட ட்ரியோக்கள் எழுதினார். அவற்றில் பெரும்பாலும் செல்லோ, பியானோவின் இடக்கை வாசிப்பதையே திருப்பி வாசித்துக்கொண்டிருக்கும். வயலினும் செல்லோவும் துணை வாசிக்கும் பியானோ சொனாட்டா என்றே அக்காலத்தில் இவை அச்சாயின. 1795இல் பீத்தோவன் தன் ‘ஓபஸ் 1’ ஆக மூன்று ட்ரியோக்களை வெளியிட்டபோது நிலைமை மாறத் தொடங்கியது. சிம்பொனிபோல நான்கு பகுதிகள், செல்லோவுக்குச் சொந்தக் குரல். 1827இல் ஷூபர்ட் எழுதிய ஈ-ஃப்ளாட் மேஜர் ட்ரியோவின் இரண்டாம் பகுதியைக் கேட்டால் அந்த மாற்றம் எவ்வளவு தூரம் போனது என்று புரியும். பியானோ அடங்கிய குரலில், நடைபோடும் லயத்தில், பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் கார்டுகளை வைத்துக்கொண்டிருக்கும். மெட்டைச் செல்லோ எடுக்கும். முடிந்ததும் அதே மெட்டைப் பியானோ வாங்கிக்கொள்ள, வயலினும் செல்லோவும் அந்த நடைக்கு இறங்கிவிடும். ஸ்டான்லி குப்ரிக்கின் ‘பாரி லிண்டன்’ படம் பார்த்தவர்களுக்கு இந்த மெட்டு பழக்கம். செல்லோ பாடும்போது பியானோக்காரரின் விரல் சற்று கனத்தாலும் போதும், பாட்டு மூழ்கிவிடும். பியானோவின் சுருதி கட்டி முடிக்கப்பட்டது, நகராது. தந்தி வாசிப்பவர்கள்தான் அதோடு இசைந்து விரலை வைக்க வேண்டும். கையசைத்து வழிநடத்த யாரும் இல்லை. மூவரும் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டாக வேண்டும்.

நம் ஊர்ப் பயிற்சிமுறை கற்றுத்தராதது இதைத்தான். ஹைதராபாத்துக்கு இந்த இசை புதிதல்ல. 1806இல் செகந்திராபாத் பெயர் பெற்று, பட்டாளக் குடியிருப்பாக வளர்ந்ததிலிருந்தே பேண்டும் தேவாலயப் பாடல்களும் அங்கே உண்டு. லாலாகுடாவின் ஆங்கிலோ-இந்திய ரயில்வே குடும்பங்களின் வீட்டுப் பியானோக்கள் வேறு. இன்று வசதியுள்ள பள்ளிகளில் பியானோ நிற்கிறது, டிரினிட்டி கிரேடு தேர்வுக்குப் பிள்ளைகள் போகிறார்கள். தேர்வறையில் மூன்று உருப்படிகள், ஸ்கேல்கள், சில கேள்விகள். அதற்கு ஆண்டு முழுவதும் தனியே உட்கார்ந்து தயாராக வேண்டும். எட்டாம் கிரேடு முடித்த பிள்ளை இன்னொருவரோடு சேர்ந்து ஒரு முழுப் படைப்பை வாசித்தே இருக்காது. அதற்குள் பொறியியல் நுழைவுத் தேர்வு வந்துவிடும், பியானோ மூடப்படும்.

ட்ரியோ வாசித்துச் சாப்பிட முடியுமா என்று பெற்றோர் கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். உலகின் மிகப் புகழ்பெற்ற ட்ரியோவே மேடைச் சம்பளத்தை மட்டும் நம்பி இருக்கவில்லை என்பதே விடை. 1955இல் அமெரிக்காவின் டாங்கிள்வுட்டில் முதல் கச்சேரி செய்த போ-ஆர் ட்ரியோ 2008 வரை நீடித்தது. அதன் முதல் வயலின் கலைஞர் டேனியல் கீலே, டோஸ்கனினியின் என்.பி.சி. ஆர்க்கெஸ்ட்ராவில் வேலை பார்த்தவர். பியானோ வாசித்த மெனஹம் பிரெஸ்லர், குழு பிறந்த அதே 1955இல் இந்தியானா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். குழு கலைந்த பின்னும் கற்பித்தார். அந்த 53 ஆண்டுகளில் ஐந்து வயலின் கலைஞர்களும் மூன்று செல்லோ கலைஞர்களும் மாறினார்கள். மாறாமல் இருந்தவர் நிரந்தரச் சம்பளம் வாங்கிய ஆசிரியர். ‘இளைஞர்கள் பிரிந்து போய்விடுவார்களே’ என்ற கவலைக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஆள் மாறலாம்; ஓர் இடம், ஒரு வேலை, ஒரு பெயர் நிலைத்தால் குழு நிலைக்கும்.

இந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு மேலி மேத்தாவின் வாழ்க்கையே சாட்சி. 1935இல் பம்பாய் சிம்பொனியைத் தொடங்கியவர். ஸ்டிரிங் குவார்டெட்டும் நடத்தியவர். கடைசியில் மான்செஸ்டருக்கும் பிறகு அமெரிக்காவுக்கும் போய்விட்டார். மகன் சுபின் மேத்தா அதற்குச் சற்று முன்பே வியன்னாவுக்குப் படிக்கப் போயிருந்தார். சென்னையில் கதை வேறு மாதிரி நடந்தது. இளையராஜாவின் குழுவில் வயலின் வாசித்து, 1986இல் வந்த ‘ஹவ் டு நேம் இட்’ இசைத்தொகுப்பின் மூலம் வெளியே தெரிந்த வி.எஸ். நரசிம்மன், மெட்ராஸ் ஸ்டிரிங் குவார்டெட் என்ற குழுவை அமைத்துக் கர்நாடகக் கீர்த்தனைகளை நான்கு தந்தி வாத்தியங்களுக்கு வகுத்து வாசித்தார். சோறு போட்டது சினிமா ரெக்கார்டிங். அந்தச் சோற்றில்தான் நுண்ணிய இசையும் வளர்ந்தது. அப்படியானால் ஹைதராபாத் இளைஞர்களும் சினிமாவை நம்பலாமே என்று தோன்றும். நம்ப முடியாது. சென்னையிலிருந்து இடம்பெயர்ந்த தெலுங்குப் படவுலகம் பெரிய வயலின் கூட்டத்துக்கு நெடுங்காலம் சென்னைக் கலைஞர்களையே அழைத்தது. இப்போது பாதி வேலையைக் கணினி பார்க்கிறது. மீதிக்கு ஐரோப்பிய ஆர்க்கெஸ்ட்ராக்கள் இருக்கின்றன. நரசிம்மனுக்குக் கிடைத்த வாரம் முழுவதுமான ரெக்கார்டிங் இனி யாருக்கும் வாய்க்காது.

இது பணக்காரர் பொழுதுபோக்கு என்ற குற்றச்சாட்டில் பாதி உண்மை உண்டு. பியானோ விலை லட்சங்களில். ஹைதராபாத் வெயிலில் அதன் சுருதியைக் காப்பாற்றுவதும் செலவுதான். ஆனால் தந்தி வாத்தியங்கள் ஏழைப் பிள்ளைகளுக்கு எட்டாதவை என்பதைச் சென்னையில் ஏ.ஆர். ரகுமான் அறக்கட்டளை நடத்தும் சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ரா பொய்யாக்கிவிட்டது. வசதியற்ற வீட்டுப் பிள்ளைகள் அங்கே இலவசமாகப் படிக்கிறார்கள். கேட்க ஆளிருக்காது என்பார்கள். ட்ரியோவுக்கு ஷில்பகலா வேதிகா போன்ற பெரிய அரங்கு எதற்கு? நூறு பேர் வந்தால் போதும். பள்ளிக்கூட ஹாலே தாராளம். ஹைதராபாத் வெஸ்டர்ன் மியூசிக் ஃபவுண்டேஷனும் கோதே மையமும் வெளிநாட்டுக் குழுக்களை வரவழைத்து நடத்தும் கச்சேரிகளுக்கு வருகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்களுக்கு உள்ளூர்க் குழு ஒன்றை மாதாமாதம் கேட்கும் பழக்கம் வர வேண்டும்.

ஹைதராபாத் பள்ளி நிர்வாகிகளிடம் கேட்பது இவ்வளவுதான். உங்களிடம் ஏற்கெனவே பியானோவும் பியானோ ஆசிரியரும் இருந்தால், அடுத்த கல்வியாண்டில் ஒரு வயலின் ஆசிரியரையும் ஒரு செல்லோ ஆசிரியரையும் முழுச் சம்பளத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு நாள் மூவரும் சேர்ந்து பயிற்சி செய்வதையும், பருவத்துக்கு ஒரு கச்சேரி பிள்ளைகள் முன் வாசிப்பதையும் பணிநேரத்திலேயே சேர்த்து நியமன உத்தரவில் எழுதிக் கொடுங்கள். ஒரு பள்ளியால் முடியாவிட்டால் பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகள் இரண்டு சேர்ந்து செய்யலாம்.