எழுத்துருத் தோற்றமும் அதன் உரைகல்லும்
திறந்த மூல மென்பொருட் கருவித்தொகுதிகளை முன்வைத்து ஒரு குறிப்பு

திரையில் தோன்றும் எழுத்து நன்றாக அமைந்துள்ளதா என்பது இரசனை சார்ந்த வினாவாகவே பொதுவில் கருதப்படுகின்றது. ஆயின், நிரலாளர் சாளரங்களையும் பொத்தான்களையும் அமைக்கப் பயன்படுத்தும் ஜி.ரி.கே., கியூட் போன்ற திறந்த மூலக் கருவித்தொகுதிகளைப் பரிசோதிப்போர் இவ்வினாவை இயந்திரத்திடமே ஒப்படைக்கின்றனர். இயந்திரத்துக்கு இரசனை இல்லை. இரு பொருள்கள் ஒத்துள்ளனவா என்பதை மட்டுமே அது கூறும். ஆகவே, எதனோடு ஒப்பிடுவது என்பதே இங்கு அடிப்படை வினாவாகின்றது.

எழுத்தின் தோற்றம் இரு கட்டங்களில் உருவாகின்றது. 'கொ' என்பதில் ககரத்தை அடுத்து உயிர்க்குறி ஒன்றே சேமிக்கப்பட்டிருப்பினும், திரையில் அது கொம்பாகவும் அரவாகவும் பிரிந்து ககரத்தின் இருமருங்கும் அமைதல் வேண்டும். இதனைச் செய்வது ஹாஃப்பஸ் என்னும் நிரல் நூலகம். அவ்வடிவங்களின் கோட்டுருவைப் படப்புள்ளிகளாக நிரப்புவது, லினக்ஸ் கணினிகளில், 1996 இல் தொடங்கப்பெற்ற ஃபிரீரைப்பின் பணி. முதற்கட்டத்தைப் பரிசோதிக்கப் படம் வேண்டியதில்லை. எவ்வடிவம் எவ்விடத்தில் என்னும் வரிசையை எதிர்பார்த்த விடையோடு ஒப்பிட்டால் போதும்.

அந்த 'எதிர்பார்த்த விடை' எங்கிருந்து வந்தது? ஹாஃப்பஸின் இந்திய எழுத்துமுறைப் பகுதியை உருவாக்கியபோது, பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் முதலியோர் விக்கிப்பீடியாவிலிருந்து திரட்டிய சொற்களைக் கொண்டு, மைக்ரோசொஃப்ற் நிறுவனத்தின் யூனிஸ்கிரைப் தந்த விளைவுகளோடு தம் விளைவுகளை ஒப்பிட்டனர். தமிழுக்கு மட்டும் 10 இலட்சத்துக்கு மேற்பட்ட சோதனைகள்; அக்காலப் பதிவொன்றின்படி பொருந்தாதது ஒன்றே. இது பெருஞ்சாதனை என்பதில் ஐயமில்லை. எனினும், மூலநிரல் மறைக்கப்பட்ட தனியுடைமைப் பண்டமொன்று கூட்டுழைப்பின் ஆக்கத்துக்கு உரைகல்லானமை மனங்கொளத்தக்கது. யூனிஸ்கிரைப்பின் வழுக்களையும் அவ்வாறே பின்பற்றுதற்கெனத் தனித் தெரிவொன்றுகூட ஹாஃப்பஸில் இடம்பெற்றிருந்தது. எழுத்துரு வடிவமைப்போர் பலர் அந்நிறுவனத்தின் திரையைப் பார்த்தே தம் வேலையைச் சரிபார்த்தமையால், சந்தையில் மேலாண்மை பெற்றதன் வழுவும் நியமமாயிற்று. எவருடைய வழக்கு செவ்வழக்காகின்றது என வினவிப் பழகிய இலக்கிய மாணவர்க்கு இது புதுமையன்று.

இரண்டாங் கட்டத்திலோ சொத்துரிமை சட்டத்தின் வடிவிலேயே தலையிட்டது. சிறிய அளவிலும் கோடுகள் தெளிவுற அமைதற்கான கட்டளைகள் ட்ரூரைப் எழுத்துருக்களினுள்ளேயே உள்ளன. அவற்றை நிறைவேற்றும் முறைக்கு அப்பிள் நிறுவனம் காப்புரிமை பெற்றிருந்தது. ஆதலின், அதற்கான நிரல் ஃபிரீரைப்பில் எழுதப்பட்டிருந்தும் இயல்புநிலையில் அடைக்கப்பட்டேயிருந்தது. 2010 இல் காப்புரிமை காலாவதியான பின்னர் 2.4 ஆம் பதிப்பிலேயே அது திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் இரு திரைகளை அருகருகே வைத்து, திறந்த மூல மென்பொருளின் எழுத்து மங்கலானது எனத் தீர்ப்புக் கூறியோர் நிரலாளரின் திறனை அளப்பதாக எண்ணிக் காப்புரிமைச் சட்டத்தின் விளைவையும் சேர்த்தே அளந்தனர். வண்ணத் துணைப்புள்ளிகளைப் பயன்படுத்தும் கிளியர்ரைப் முறையிலும் இதுவே நிகழ்ந்தது. மைக்ரோசொஃப்ற்றின் காப்புரிமைகளைத் தவிர்த்துச் செல்லும் 'ஹார்மனி' என்னும் மாற்றுவழியை 2017 இல் ஃபிரீரைப் 2.8.1 கைக்கொண்டது.

இன்று ஃபயர்ஃபொக்ஸ், குரோம், அண்ட்ரொயிட் ஆகியன ஹாஃப்பஸையே பயன்படுத்துகின்றன. எழுத்துரு வடிவமைப்போரும் அதனைக் கொண்டு சரிபார்க்கின்றனர், உரைகல் இடம்மாறிவிட்டது. அதன் பரிசோதனைக் கோப்புகளை எவரும் திறந்து பார்க்கலாம், பிழை கண்டால் திருத்தத்தை முன்மொழியலாம். யூனிஸ்கிரைப்பின் நிரல் அவ்வாறு வாசகர் கைக்கு எட்டியதில்லை.