தீர்ப்பைத் திட்டினா ஜெயிலா?

போன வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு நண்பன் ஒருத்தன் போன் பண்ணினான். ஒரு தீர்ப்பைத் திட்டி எக்ஸ்ல மூணு வரி எழுதியிருக்கிறான். கீழே யாரோ வந்து, “இது கோர்ட் அவமதிப்பு, ஆறு மாசம் உள்ளே” என்று போட்டுவிட்டார். பயந்துபோய் பதிவையே அழித்துவிட்டான். “நிஜமாவே உள்ள வச்சிடுவாங்களாடா?”

ஆறு மாசம் என்பது பொய்யில்லை. 1971-ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டப்படி, அதிகபட்சம் ஆறு மாதம் சாதாரண சிறை, அல்லது 2,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

ஆனால் எது அவமதிப்பு? கோர்ட் போட்ட உத்தரவை வேண்டுமென்றே மீறினால் அது சிவில் அவமதிப்பு. ஆக்கிரமிப்பை எடுக்கச் சொல்லியும் எடுக்காத அதிகாரி கோர்ட்டில் கைகட்டி நிற்கிறார் என்று செய்தி படிப்போமே, அது இந்த வகை. நீதிமன்றத்தின் பேரைக் கெடுப்பது, நடக்கிற வழக்கில் தலையிடுவது எல்லாம் கிரிமினல் அவமதிப்பு. நண்பனின் பயம் இதில்தான்.

முடிந்துபோன வழக்கின் தீர்ப்பை நியாயமாக விமர்சிப்பது அவமதிப்பே கிடையாது. சட்டத்தின் 5-ஆவது பிரிவே அப்படிச் சொல்கிறது. தீர்ப்பு தப்பு, காரணம் சரியில்லை என்று தாராளமாக எழுதலாம். நீதிபதி காசு வாங்கிட்டார் என்று எழுதினால் கதை வேறு. “உண்மையைத்தானே சொன்னேன்” என்று வாதாடவே 2006-இல் வந்த திருத்தம்தான் சட்டத்தில் வழி வைத்தது. அதிலும் பொதுநலன் இருக்க வேண்டும், நல்லெண்ணம் இருக்க வேண்டும்.

கோடு எங்கே என்பதற்கு 2020 பிரசாந்த் பூஷண் வழக்கைப் பாருங்க. ஒரு ட்வீட்டில், அப்போதைய தலைமை நீதிபதி விலை உயர்ந்த பைக்கில் உட்கார்ந்திருந்ததைக் கிண்டல் பண்ணியிருந்தார். அது தனிமனிதர் மேல் வைத்த விமர்சனம் என்று உச்ச நீதிமன்றம் விட்டுவிட்டது. அதே ட்வீட்டில், கோர்ட்டை மூடி வைத்து மக்களுக்கு நீதி கிடைக்காமல் செய்கிறார் என்று எழுதியதைத்தான் குற்றம் என்றது. மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள், அவர் மறுத்துவிட்டார். அபராதம் 1 ரூபாய்! கட்டாவிட்டால் மூன்று மாதம் சிறை, மூன்று வருடம் உச்ச நீதிமன்றத்தில் வக்கீல் தொழில் கிடையாது. கட்டிவிட்டார்.

என்னைக் கேட்டால் இந்தச் சட்டத்தின் மையமே அந்த மன்னிப்புதான். கோர்ட் திருப்தியடைகிற மாதிரி மன்னிப்புக் கேட்டால் தண்டனையே இல்லாமல் விடலாம். மனசாரக் கேட்டிருந்தால், நிபந்தனையோடு கேட்டார் என்பதற்காக மட்டும் அதைத் தள்ளக்கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. அது சரி, தப்பே செய்யவில்லை என்று நம்புகிறவர் என்ன செய்வார்? அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

ஆறு மாதத்தை முழுசாக அனுபவித்தவரும் உண்டு. கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த கர்ணன். 2017-இல் பதவியில் இருக்கும்போதே தண்டனை. கோவையில் கைது செய்தார்கள்.

கமென்ட் போட்ட அந்த ஆள் நினைத்தவுடன் கேஸ் போட முடியாது. உயர் நீதிமன்றம் என்றால், கிரிமினல் அவமதிப்புக்கு அட்வகேட் ஜெனரலின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். கோர்ட் தானாகவே எடுக்கலாம், அது தனி.

கடைசியில் நண்பனை அந்த மூணு வரியையும் படிக்கச் சொன்னேன். முதல் ரெண்டு வரி, தீர்ப்பு ஏன் தப்பு என்பது. மூணாவது, நீதிபதி விலை போயிட்டார் என்பது. “ஆதாரம் இருக்கா?” என்றேன். இல்லையாம். முதல் ரெண்டை மட்டும் திரும்பப் போட்டிருக்கிறான்.