‘மூணு நாளா காய்ச்சல்!’ - இதை இங்கிலீஷில் சொல்லிப் பாருங்கள்

புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி. (குரு பெயர்ச்சிக்குக் கூட்டம் அலைமோதும் ஆலங்குடி இது அல்ல. அது திருவாரூர் மாவட்டம்.) இங்கே அரசு மருத்துவமனையில் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போகும் ஒருவரிடம், “என்னம்மா பண்ணுது?” என்று டாக்டர் கேட்டால், “மூணு நாளா காய்ச்சல் சார்” என்று பதில் வரும். டாக்டருக்கு எல்லாமே புரிந்துவிடும். காய்ச்சல் மூன்று நாளைக்கு முன்பு தொடங்கியது, இன்னும் விடவில்லை, இப்போதும் உடம்பு சுடுகிறது.

அந்தப் பதிலில் ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? வினைச்சொல்லே இல்லை. ‘மூணு நாளா’ என்பதன் கடைசியில் ஒட்டியிருக்கும் அந்தச் சின்ன ‘ஆ’தான் மொத்த வேலையையும் பார்க்கிறது.

இதையே இங்கிலீஷில் சொல்லச் சொன்னால்தான் வம்பு. ‘ஐ ஹேவ் ஃபீவர் சின்ஸ் த்ரீ டேஸ்’ என்பார்கள் பலர். தப்புதான், ஆனால் புரிந்துவிடும். இன்னும் சிலர், இலக்கணமாகச் சொல்கிறோம் என்று நினைத்து, ‘ஐ ஹேட் அ ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ்’ என்பார்கள். இந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை கிடையாது. ஆனால், அர்த்தமே வேறு. ‘மூணு நாள் காய்ச்சல் இருந்தது, இப்போது இல்லை’ என்று ஆகிவிடும். நோயாளி காய்ச்சலோடு உட்கார்ந்திருக்க, கேட்பவர் குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்வார்.

சரியானது, ‘ஐ ஹேவ் ஹேட் அ ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ்.’ ஹேவுக்குப் பக்கத்திலேயே ஹேட். ஏதோ தட்டச்சுப் பிழை மாதிரி தெரிவதால் நம் ஆட்கள் இதைத் தொடவே தயங்குவார்கள். ஆனால், முதல் ‘ஹேவ்’தான் காய்ச்சலை இன்றைக்கு வரை இழுத்துக்கொண்டு வருகிறது. அதை விட்டுவிட்டால் காய்ச்சல் பழைய கதையாகிவிடும்.

தமிழில் காலத்தைச் சொல்லும் பாரத்தை ‘நேத்து’, ‘மூணு நாளா’, ‘இப்பதான்’ போன்ற சொற்கள் பெருமளவு சுமந்துவிடுகின்றன. வினைச்சொல் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் யாரும் குழம்புவதில்லை. இங்கிலீஷில் அப்படியில்லை. காலச் சொல்லும் வினைச்சொல்லும் பொருத்தம் பார்த்துக் கட்டிவைத்த ஜோடி. ‘எஸ்டர்டே’ வந்தால் அதற்கென்று ஒரு வினை, ‘சின்ஸ்’ வந்தால் அதற்கென்று வேறொன்று.

பள்ளியில் இதை எப்படிச் சொல்லித் தருகிறார்கள்? பன்னிரண்டு டென்ஸையும் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சூத்திரம் எழுதி மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். கட்டம் நினைவிருக்கும். வாயைத் திறக்கும்போது எந்தக் கட்டம் என்பதுதான் தெரியாது. அதற்குப் பதிலாகக் காலச் சொல்லைப் பிடித்துக்கொண்டு வினைக்குப் போவது எவ்வளவோ சுலபம்.

கதவு சாத்தியாச்சா, திறந்திருக்கா?

ஆலங்குடிப் பக்கம் யாரிடம் கேட்டாலும் மறக்காமல் சொல்லும் தேதி ஒன்று உண்டு. 2018 நவம்பர் 16. அன்று அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம் என்று இந்த வட்டாரம் முழுக்கத் தென்னையும் பலாவும் மாவும் சாய்ந்தன.

இந்தச் சோகத்தை இங்கிலீஷில் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘வி லாஸ்ட் ஃபார்ட்டி ட்ரீஸ் இன் 2018.’ அந்த வருடம் முடிந்துவிட்டது. கதவு சாத்தியாகிவிட்டது. எனவே வெறும் ‘லாஸ்ட்’ போதும். ‘வி ஹேவ் லாஸ்ட் ஃபார்ட்டி ட்ரீஸ் இன் 2018’ என்றால் காது உறுத்தும். எஸ்டர்டே, லாஸ்ட் வீக், டூ டேஸ் அகோ, இன் 2018 எல்லாமே சாத்திய கதவுகள். இவை வந்தால் ‘ஹேவ்’ பக்கத்தில் வரவே கூடாது.

அதே விவசாயி, ‘வி ஹேவ் பிளாண்டட் தர்ட்டி ட்ரீஸ் சின்ஸ் கஜா’ என்று சொல்லலாம். கஜாவுக்குப் பிறகு இன்றைக்கு வரை முப்பது கன்று வைத்திருக்கிறோம், இன்னும் வைப்போம். கதவு திறந்தே இருக்கிறது. சின்ஸ், ஸோ ஃபார், யெட் எல்லாம் இந்த ரகம்.

‘திஸ் மார்னிங்’ மட்டும் ஒரு வேடிக்கையான ஆள். காலை பத்து மணிக்கு ‘ஐ ஹேவன்ட் ஹேட் டீ திஸ் மார்னிங்’ என்றால், இனிமேலாவது ஒரு கிளாஸ் கிடைக்குமா என்ற ஏக்கம் அதில் இருக்கும். சாயங்காலம் நாலு மணிக்கு அதையே சொல்ல முடியாது. காலைப் பொழுதுதான் முடிந்துவிட்டதே! ‘ஐ டிடின்ட் ஹேவ் டீ திஸ் மார்னிங்’ என்றுதான் சொல்ல வேண்டும். ஒரே சொல், கடிகாரத்தைப் பார்த்து வினையை மாற்றிக்கொள்கிறது.

தமிழர்கள் இந்த இடத்தில் வழுக்குவதற்கு ஒரு நியாயமான காரணம் இருக்கிறது. காலையில் எழுந்து ஈரமான வாசலைப் பார்த்ததும், “ராத்திரி மழை பெஞ்சிருக்கு” என்கிறோம். நாம் மழையைப் பார்க்கவில்லை. ஈரத்தை வைத்து ஊகிக்கிறோம். தமிழின் ‘இருக்கு’ அந்த ஊகத்தையும் சேர்த்துச் சொல்கிறது. அதையே ‘இட் ஹேஸ் ரெய்ண்ட் லாஸ்ட் நைட்’ என்று மாற்றினால் இங்கிலீஷ் ஏற்காது. அவர்களுடைய ‘ஹேஸ்’ ஊகம் சொல்லாது. ‘இட் மஸ்ட் ஹேவ் ரெய்ண்ட் லாஸ்ட் நைட்’ என்று ‘மஸ்ட்’ போட்டால்தான் நம் ‘பெஞ்சிருக்கு’ வரும்.

‘ஆ’வும் ‘லேருந்து’வும்

‘சின்ஸ் டூ இயர்ஸ்’ என்பது இந்தியா முழுக்கக் கேட்கும் குரல். இந்தி பேசுகிறவர்கள் அப்படிச் சொல்வதில் ஆச்சர்யமில்லை. இந்தியில் ‘தோ சால் ஸே’, ‘2020 ஸே’ இரண்டுக்கும் ஒரே ‘ஸே’தான். பிரெஞ்சில் ‘தெப்யுய்’, ஜெர்மனில் ‘ஸைட்’ என்ற சொற்களும் இப்படி இரண்டு வேலையையும் பார்ப்பவை. கூடவே நிகழ்காலமும் போட்டுக்கொள்வார்கள். எனவே பாரிஸ்காரரும் பெர்லின்காரரும் இங்கிலீஷ் கற்கும்போது இதே பள்ளத்தில் விழுகிறார்கள்.

தமிழுக்கோ இரண்டு தனித்தனி விகுதிகள் இருக்கின்றன. ‘ரெண்டு வருஷமா’ என்றால் ‘ஃபார் டூ இயர்ஸ்’. ‘2022-லேருந்து’ என்றால் ‘சின்ஸ் 2022’. மனதுக்குள் ‘ஆ’ ஒலித்தால் ஃபார், ‘லேருந்து’ ஒலித்தால் சின்ஸ். பொங்கல்லேருந்து, கல்யாணத்துலேருந்து, கஜாவுலேருந்து எல்லாம் சின்ஸ். பத்து நிமிஷமா, ஆறு மாசமா எல்லாம் ஃபார். இந்திக்காரருக்கு இல்லாத வசதி நமக்கு இருந்தும் ஏன் தடுமாறுகிறோம் என்று கேட்டால், கேட்டுக் கேட்டுத் தொற்றிக்கொண்டது என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

இதேபோல நம் ‘முன்னாடி’யும் காலை வாரிவிடும். ‘ரெண்டு நாளைக்கு முன்னாடி வந்தேன்’ என்பதை ‘ஐ கேம் பிஃபோர் டூ டேஸ்’ என்று மாற்றிவிடுகிறோம். ‘டூ டேஸ் அகோ’ என்பதே பாதுகாப்பானது.

ஏர்போர்ட்டில் ஒரு ‘ஃபார்’

ஆலங்குடிப் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் வேலைக்குப் போனவர்கள் நிறைய. அவர்களைப் பார்க்கப் பெற்றோர் போவதும் சகஜம். இமிக்ரேஷன் கவுன்ட்டரில் அதிகாரி, ‘ஹவ் லாங் ஆர் யூ ஹியர் ஃபார்?’ என்று கேட்பார். இதற்கு ‘இன்னும் எத்தனை நாள் இருக்கப் போகிறீர்கள்?’ என்று அர்த்தம். ‘ஹவ் லாங் ஹேவ் யூ பீன் ஹியர்?’ என்றால், ‘வந்து எத்தனை நாளாச்சு?’ இரண்டும் கேட்க ஒரே மாதிரி இருக்கும். ஒன்று முன்னே பார்க்கிறது, இன்னொன்று பின்னே பார்க்கிறது.

‘நான் இங்கே வந்து ரெண்டு மாசமாச்சு’ என்று சொல்ல நினைத்து, ‘ஐ ஆம் ஹியர் ஃபார் டூ மன்த்ஸ்’ என்றால், கேட்பவர் ‘இரண்டு மாதம் தங்க வந்திருக்கிறார்’ என்றே எடுத்துக்கொள்வார். விசா முடியும் நாளை எண்ணிக்கொண்டிருப்பவருக்கு இது விளையாட்டு விஷயம் இல்லை.

வேலை அனுபவச் சான்றிதழிலும் இதே கதைதான். ‘ஹி ஒர்க்ட் வித் அஸ் ஃபார் த்ரீ இயர்ஸ்’ என்றால் ஆள் வேலையை விட்டுவிட்டார். ‘ஹி ஹேஸ் ஒர்க்ட் வித் அஸ் ஃபார் த்ரீ இயர்ஸ்’ என்றால் இன்னும் இருக்கிறார். சான்றிதழ் வாங்கும்போது பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்ப்பவர்கள், அந்த ‘ஹேஸ்’ இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும்.

நர்ஸிங் முடித்துவிட்டு பிரிட்டன் போக நினைக்கும் பெண்களுக்கு இது இன்னும் நெருக்கமான பிரச்னை. அங்கே பதிவு செய்ய ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது ஓ.இ.டி. தேர்வில் தேற வேண்டும். ஓ.இ.டி-யின் எழுத்துத் தாள் முழுக்க ஒரே ஒரு கடிதம்தான். நோயாளியைப் பற்றிய குறிப்புகளைக் கொடுத்துவிடுவார்கள். படிக்க 5 நிமிடம், எழுத 40 நிமிடம். குறிப்பில் துண்டுத் துண்டாக இருப்பதை வாக்கியமாக்க வேண்டும். கீழே விழுந்த தேதி கொடுத்திருந்தால் ‘ஃபெல்’. அன்றிலிருந்து வலி என்றால் ‘ஹேஸ் ஹேட் பெய்ன் சின்ஸ் தென்’. ஐந்து நாளாக மருந்து என்றால் ‘ஹேஸ் பீன் ஆன் ஆன்டிபயாட்டிக்ஸ் ஃபார் ஃபைவ் டேஸ்’. இங்கே ஒரு ‘ஹேஸ்’ விடுபட்டால், கடிதத்தைப் படிக்கும் டாக்டர் மருந்தை நிறுத்திவிட்டார்கள் என்று நினைப்பார். மதிப்பெண்ணைவிடப் பெரிய விஷயம் அது.

தொல்காப்பியர் தலையாட்டிய ‘வந்துட்டேன்’

“எங்கடா இருக்க?” என்று போனில் கேட்டால், செருப்பைத் தேடிக்கொண்டே “இதோ வந்துட்டேண்ணே” என்பது நம் வழக்கம். வீட்டைவிட்டே கிளம்பியிருக்க மாட்டார். பொய் என்று திட்டாதீர்கள். விரைவைக் காட்ட, இனி நடக்கப்போவதையும் நடந்து முடிந்ததாகச் சொல்லலாம் என்று தொல்காப்பியமே அனுமதிக்கிறது. உரையாசிரியர்கள் தரும் உதாரணமும் சாப்பாட்டு உதாரணம்தான். இன்னும் சாப்பிடாதவரை ஒருவர் அவசரப்படுத்துகிறார். அவரோ சாப்பிட்டு முடித்து வந்தேவிட்டதாகப் பதில் சொல்கிறார். 13-ம் நூற்றாண்டு நன்னூலில் பவணந்தி முனிவர், விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்ற நான்கு காரணங்களுக்காகக் காலங்கள் இடம் மாறலாம் என்கிறார்.

இங்கிலீஷில் ‘ஐ கேம்’ என்று சொல்லிவிட்டு வீட்டில் இருக்க முடியாது. ‘ஐ ஆம் கமிங்’தான்.

வழக்கத்தைச் சொல்லும் இடத்திலும் தமிழ் எதிர்காலத்தைத் துணைக்குக் கூப்பிடும். ‘அப்பா தினமும் அஞ்சு மணிக்கு எந்திரிப்பார்.’ மாணவர்கள் இதை ‘ஹி வில் கெட் அப் அட் ஃபைவ் டெய்லி’ என்று எழுதுகிறார்கள். ‘எவ்ரி டே’ வந்தால் ‘கெட்ஸ் அப்’ போதும். பழைய வழக்கமாக இருந்தால் ‘யூஸ்டு டு’. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் தன் புத்தகத்தில் எழுதியதால் உலகம் அறிந்த கதை. அந்தப் பெண்களில் ஒருவர் இன்று பேத்தியிடம், “அப்பல்லாம் கூட்டமா சைக்கிள்ல போவோம்டி” என்றால், பேத்தி அதை ‘வி யூஸ்டு டு கோ’ என்று மொழிபெயர்க்க வேண்டும். ‘வி வில் கோ’ என்றால் பாட்டி நாளைக்குக் கிளம்பிவிடுவார்!

எல்லாத் தப்புக்கும் பதற வேண்டியதில்லை. ‘டுடே மார்னிங்’, ‘எஸ்டர்டே நைட்’ இரண்டையும் லண்டன்காரர் ‘திஸ் மார்னிங்’, ‘லாஸ்ட் நைட்’ என்பார். நாம் சொன்னாலும் அவருக்குப் புரியும். யாருக்கும் நஷ்டமில்லை. அமெரிக்கர்கள் ‘ஐ ஆல்ரெடி ஏட்’ என்கிறார்கள். நம் பாடப்புத்தகம் பின்பற்றும் பிரிட்டிஷ் வழக்கப்படி ‘ஐ ஹேவ் ஆல்ரெடி ஈட்டன்’. அர்த்தம் மாறாத இடங்களில் ஆளைக் கிண்டல் செய்வதை விட்டுவிட்டு, காய்ச்சல் இருக்கிறதா போய்விட்டதா, வேலையில் இருக்கிறாரா விட்டுவிட்டாரா என்று மாறிப்போகும் இடங்களை மட்டும் முதலில் சரிசெய்துகொள்ளலாம்.

சிங்கப்பூரில் பேச்சு இங்கிலீஷே வேறு ரகம். அங்கே அரசாங்கம் 2000-ம் ஆண்டில் ‘நல்ல இங்கிலீஷ் பேசுவோம்’ என்று தனி இயக்கமே தொடங்கியது. ஆனாலும் ஹோட்டலில் பக்கத்து மேஜைக்காரர் நம் ‘சாப்டாச்சா?’வை இப்படித்தான் கேட்பார்: ‘ஈட் ஆல்ரெடி?’ ஹேவும் கிடையாது, டிட்டும் கிடையாது. பதிலும் சுருக்கம்தான்: ‘ஆல்ரெடி!’