செவிலியம்: ஒரு வாசல், பல பாதைகள்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் காலத்தில், கல்விக் கடன் கேட்டு நம் கிளைகளுக்கு வரும் குடும்பங்களில் செவிலியர் படிப்பை நாடுவோர் ஆண்டுதோறும் உண்டு. கல்லூரியின் பெயர், கட்டணம், விடுதிச் செலவு ஆகியவற்றை அவர்கள் துல்லியமாகக் கூறுகின்றனர். 'படித்து முடித்தபின் எப்பிரிவில் பணியாற்ற விருப்பம்?' என்று நாம் கேட்டால், 'நர்ஸ் வேலைதானே, அதில் என்ன பிரிவு?' என்பதே பெரும்பாலும் விடையாக வருகிறது. இதய மருத்துவர், குழந்தை மருத்துவர் என்று மருத்துவர்களைப் பிரித்தறியும் நாம், செவிலியர் அனைவரும் ஒரே பணியைச் செய்பவர்கள் என எண்ணிப் பழகிவிட்டோம். உண்மை அதுவன்று. எந்தப் பிரிவு, அதை எப்போது தேர்ந்தெடுப்பது என்பதைப் பொறுத்தே படிப்பின் மொத்தக் காலமும், செலவும், கடனைத் திருப்பிச் செலுத்தும் வலிமையும் அமைகின்றன.

அடிப்படைப் படிப்புகள்

நம் நாட்டில் செவிலியர் பட்டப்படிப்பு 1946-ஆம் ஆண்டில் டெல்லியிலும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் தொடங்கியது. இன்று இத்துறைக்குள் நுழைய மூன்று வழிகள் உள்ளன. துணைச் செவிலியர் பயிற்சியான ஏ.என்.எம். 2 ஆண்டுகள், பட்டயப் படிப்பான ஜி.என்.எம். 3 ஆண்டுகள், பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டுகள். பி.எஸ்சி. படிப்புக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களைப் பயின்றிருத்தல் வேண்டும். பட்டயம் முடித்தவர்கள் பின்னாளில் 2 ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. பயின்று பட்டதாரி ஆகலாம். எனவே, பொருள் வசதி குறைவால் பட்டயத்தில் சேரும் மாணவிக்கோ மாணவருக்கோ மேலே செல்லும் பாதை அடைபட்டுவிடுவதில்லை.

இப்படிப்புகள் எல்லாப் பிரிவுகளுக்கும் பொதுவான அடித்தளம். சிறப்புப் பயிற்சி இதற்குப் பின்னரே வருகிறது. எம்.எஸ்சி. நர்சிங் படிப்பில் பொது மருத்துவ அறுவைச் செவிலியம், குழந்தைகள் நலம், மனநலம், மகப்பேறு மற்றும் மகளிர் நலம், சமுதாய நலம் என ஐந்து பிரிவுகள் உள்ளன. இவையன்றி, தீவிர சிகிச்சை, புற்றுநோய், பச்சிளங்குழந்தை நலம், அறுவை அரங்கு, முதியோர் நலம் போன்றவற்றில் ஓராண்டுப் பட்டயப் படிப்புகளும் உண்டு.

பிரிவுக்கொரு பணி

தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாசக் கருவியின் துணையோடு இருக்கும் நோயாளிக்குத் தனியாக ஒரு செவிலியர் இருத்தல் நெறி. திரையில் எண்கள் மாறுவதற்கு முன்பே நோயாளியின் மூச்சிலும் முகத்திலும் தோன்றும் மாற்றத்தை உணர்வது அவர் திறன். பச்சிளங்குழந்தைப் பிரிவிலோ, ஒரு கிலோ எடைகூட இல்லாத குழந்தைக்குத் தாய்ப்பாலை மில்லிலிட்டர் கணக்கில் குழாய் வழியே புகட்ட வேண்டும். உடல் வெப்பம் குறையாமல் காக்க வேண்டும். அங்கே கைகழுவுதலும் ஒரு சிகிச்சையே.

புற்றுநோய்ச் செவிலியர் செலுத்தும் மருந்துகளுள் சில, நரம்பு விலகிச் சதையில் கசிந்தால் அவ்விடத்தையே புண்ணாக்கிவிடும் தன்மையன. ஊசி சரியான இடத்தில் உள்ளதா என்று இடைவிடாது கண்காணிப்பது அவர் கடமை. அறுவை அரங்கில், தையலிடுமுன் பஞ்சுத் துணிகளையும் கருவிகளையும் இருவர் சேர்ந்து உரக்க எண்ணிச் சரிபார்க்கின்றனர். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தாலும் அதைத் தேடிக் கண்டாக வேண்டும். வங்கியில் நாள் முடிவில் ரொக்கத்தைச் சரிபார்க்கும் நமக்கு இந்த ஒழுங்கு அயலானதன்று. ஆனால் அங்கே கணக்கில் இருப்பது உயிர்.

மனநலச் செவிலியருக்குக் கருவிகள் குறைவு. பொறுமையும் பேச்சுமே அவருடைய முதன்மைக் கருவிகள். பெங்களூருவின் நிம்ஹான்ஸ் நிறுவனம் இத்துறைப் பயிற்சிக்குப் பெயர் பெற்றது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநலச் செவிலியர் யார் என்பதைத் தனியே வரையறுத்துள்ளது. மகப்பேற்றுத் துறையில், 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, 18 மாதச் சிறப்புப் பயிற்சி பெறும் செவிலியர்கள் சிக்கலற்ற பேறுகாலங்களைத் தாமே முன்னின்று நடத்தும் தகுதி பெறுகின்றனர். மருத்துவமனைக்கு வெளியே பணியாற்ற விரும்புவோருக்குச் சமுதாய நலப் பிரிவு உள்ளது. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் நலவாழ்வு மையங்களில் சமுதாயச் சுகாதார அலுவலராகப் பட்டதாரி மற்றும் பட்டயச் செவிலியர்கள் பணியாற்றுகின்றனர்.

எப்போது தேர்ந்தெடுப்பது?

பதினேழு வயதில் இவற்றுள் ஒன்றை முடிவு செய்யத் தேவையில்லை, செய்வதும் பொருந்தாது. பொதுவாக எம்.எஸ்சி. படிப்புக்கும் ஓராண்டுப் பட்டயங்களுக்கும் ஓராண்டுப் பணி அனுபவம் கேட்கப்படுகிறது. இவ்விதி தடையன்று, நன்மையே. இரவுப்பணி உடலுக்கு ஒத்துவருகிறதா, குழந்தையின் அழுகையைத் தாங்க இயலுமா, மரணத்தை அருகிருந்து காணும் மனத்திண்மை உண்டா என்பவற்றை நோயாளிகளிடையே கழியும் ஓராண்டு கற்பித்துவிடும்.

இரண்டாம் படிக்கும் பணம் வேண்டும்

நாம் வலியுறுத்த விரும்புவது இதுவே. பல குடும்பங்கள் தம் சேமிப்பு முழுவதையும் முதற்படிப்பிலேயே செலவிட்டுவிடுகின்றன. சிறப்புப் பயிற்சிக்கான நேரம் வரும்போது, முதற்கடனின் தவணையும் தொடங்கியிருக்கும். அதனால் நல்ல வாய்ப்பு கைநழுவுகிறது.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 1 லட்சம் வீதம், நான்கு ஆண்டுகளில் 4 லட்சம் ரூபாய் கடன் பெறுவதாகவும், வட்டி 10 விழுக்காடு எனவும் கொள்வோம். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை இல்லை. தனிவட்டி மட்டும் சேரும். ஐந்தாம் ஆண்டு முடிவில் வட்டி 1,40,000 ரூபாய் சேர்ந்து, கடன் 5,40,000 ஆகிறது. இதனைப் பத்தாண்டுகளில் தீர்க்க மாதத் தவணை ஏறத்தாழ 7,140 ரூபாய். மாறாக, வட்டியை மட்டும் அவ்வப்போது செலுத்தி வந்தால் தவணை ஏறத்தாழ 5,290 ரூபாய்தான். முதலாண்டில் அந்த வட்டி மாதத்துக்கு 830 ரூபாய் அளவே. நான்காம் ஆண்டில் 3,330 ரூபாய். இவ்வாறு மாதந்தோறும் மிஞ்சும் 1,850 ரூபாயே சிறப்புப் பயிற்சிக்கான விதை நெல்லாகும்.

கல்விக் கடன் மாதிரித் திட்டத்தில் 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை கேட்கப்படுவதில்லை. மேற்படிப்புக்குக் கூடுதல் கடன் பெறவும் இடமுண்டு. அதனை முன்கூட்டியே கிளையில் பேசுதல் நன்று. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்கு மிகாதவர்கள், தகுதியுள்ள கல்வி நிறுவனத்தில் பயின்றால், மத்திய அரசின் வட்டி மானியம் கிடைக்குமா என்று விசாரிக்கலாம். பழைய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கு, செலுத்திய வட்டிக்கு 80இ பிரிவின்கீழ் எட்டு ஆண்டுகள் வரை வருமான வரி விலக்கும் உண்டு.

அனைத்துக்கும் முன்பாக ஒன்று: கல்லூரியில் முன்பணம் கட்டுமுன், அங்கீகாரத்தைச் சரிபாருங்கள். மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு பெற இயலாத சான்றிதழைக் கொண்டு செவிலியராகப் பணியாற்ற முடியாது. சிறப்புப் பயிற்சியிலும் சேர முடியாது. ஆனால் அதற்காகப் பெற்ற கடன் மட்டும் அப்படியே நிற்கும். கவுன்சிலின் பட்டியலையும் பல்கலைக்கழக இணைப்பு ஆணையையும் கேட்டுப் பார்ப்பதற்கு ஒரு நாள் போதும்.

கடன் விண்ணப்பத்துடன் கிளைக்கு வரும்போது பிள்ளையையும் அழைத்து வாருங்கள். முதற்படிப்பின் கட்டணத்தோடு, ஐந்தாறு ஆண்டுகளுக்குப் பின் வரப்போகும் இரண்டாம் படிப்பின் செலவையும் ஒரே தாளில் எழுதிப் பார்ப்போம்.