ஏடு மறந்தால் போதுமா?

செங்கற்பட்டில் 1887-ஆம் ஆண்டு ஒரு சீர்திருத்தப் பள்ளி தோன்றியது. திருடிப் பிடிபட்ட சிறுவனைப் பெரியவர்களோடு சிறையில் அடைத்தால், திருட்டைத்தான் இன்னும் நன்றாகக் கற்று வருவான் என்ற அச்சமே இத்தகைய பள்ளிகளுக்குக் காரணம்.

வளர்ந்தவன் செய்தி வேறு. திருட்டு முதலிய சில குற்றங்களுக்காக ஒருமுறை தண்டனை பெற்றவன் மீண்டும் அவற்றைப் புரிந்தால், ஆயுள் தண்டனை வரை விதிக்க 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 75-ஆம் பிரிவில் இடமளித்தது. 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் அதனைக் கைவிடவில்லை. சட்டம் மறப்பதில்லை, ஊரும் மறப்பதில்லை. போலீஸ் பதிவேட்டின் இரண்டு ஆங்கில எழுத்துகளே ‘கேடி’ என்னும் வசைச்சொல்லாயின என்பர். விடுதலையானவன் வேலை கேட்டுச் செல்லுமுன் அப்பெயர் அங்கே போய் நிற்கிறது. பிறகு அவன் எங்கே போவான்?

இளஞ்சிறார்க்கு மட்டும் சட்டம் மறக்கக் கற்றிருக்கிறது. மிகக் கொடிய குற்றங்கள் சில நீங்கலாக, உரிய காலம் கழிந்ததும் அவர்களது தண்டனைப் பதிவுகளை அழித்துவிட வேண்டும் என்கிறது 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஏட்டை அழித்தால் மட்டும் போதாது. அதே செங்கற்பட்டில், அரசுச் சிறுவர் இல்லத்தில் இருந்த 17 வயதுச் சிறுவன் ஒருவன் 2022 டிசம்பர் இறுதியில் இறந்தான். அவனை அடித்ததாக இல்ல ஊழியர் அறுவர் கைதாயினர்.