முதலில் வீடு, பிறகு குடும்பம்

ஜெர்மனியில் வேலை கிடைத்துவிட்டது என்றதும் வீடே பரபரப்பாகிவிடுகிறது. விசா எப்போது வரும், குளிருக்கு என்ன வாங்குவது, பிள்ளைகளின் டி.சி.யை எப்போது கேட்பது, மசாலாப் பொடி எத்தனை கிலோ கொண்டுபோகலாம் என்று ஒவ்வொன்றுக்கும் பட்டியல் போடுகிறார்கள். எங்கே குடியிருக்கப் போகிறோம் என்ற கேள்வியை மட்டும் ‘போய்ப் பார்த்துக்கலாம்’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். மியூனிக், பெர்லின், ஃபிராங்க்ஃபர்ட், ஸ்டுட்கார்ட், ஹாம்பர்க் ஆகிய நகரங்களுக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் முதலில் யோசிக்க வேண்டிய கேள்வியே அதுதான். திறமையுள்ள ஒரு பொறியாளருக்கு அங்கே வேலை கிடைப்பதைவிட, இரண்டு பிள்ளைகளோடு குடியிருக்க ஒரு வீடு கிடைப்பதுதான் கடினம்.

கதவு ஏன் இவ்வளவு குறுகல்?

ஜெர்மனியில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் வாடகை வீட்டில்தான் வாழ்கிறார்கள். பெர்லினில் ஐந்தில் நான்கு வீடுகளுக்கு மேல் வாடகை வீடுகள். சொந்த வீடு வாங்கும்வரை ஓட்டுகிற இடைக்கால ஏற்பாடாக அங்கே யாரும் அதை நினைப்பதில்லை. மருத்துவரும் பேராசிரியரும்கூட வாழ்நாள் முழுக்க வாடகை வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள்.

அதற்கேற்ற பாதுகாப்பைச் சட்டம் தருகிறது. நம் ஊரின் பதினொரு மாத ஒப்பந்தம் அங்கே கிடையாது. வழக்கமான வாடகை ஒப்பந்தத்துக்குக் கால வரம்பே இல்லை. ‘எனக்கு வேண்டும், காலி செய்யுங்கள்’ என்று உரிமையாளர் வெறுமனே சொல்லிவிட முடியாது. தானோ தன் நெருங்கிய உறவினரோ குடியிருக்க வேண்டும் என்பது போன்ற, சட்டம் ஏற்கிற காரணத்தை எழுத்தில் காட்ட வேண்டும். நீங்கள் எத்தனை ஆண்டு குடியிருந்தீர்கள் என்பதைப் பொறுத்து 3 மாதம் முதல் 9 மாதம் வரை அவகாசமும் தர வேண்டும். குடியிருப்பவரின் வாடகையை அந்தப் பகுதியின் வழக்கமான வாடகை அளவுக்கு உயர்த்தும்போதும், 3 ஆண்டுகளில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வீட்டுத் தட்டுப்பாடு உள்ள நகரங்களில் 15 சதவீதம்தான் உச்சம்.

இப்படிப்பட்ட பாதுகாப்போடு பழைய வாடகையில் குடியிருப்பவர்கள் எளிதில் காலி செய்வதில்லை. அதனால் சந்தைக்கு வருகிற வீடுகள் குறைவு. ஒருவரை உள்ளே விட்டால் சுலபமாக வெளியேற்ற முடியாது என்பதால், உரிமையாளர்களும் பலமுறை யோசித்தே ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உள்ளே இருப்பவரைக் காக்கும் அதே சட்டம், புதிதாக வருகிறவருக்கு வாசலைக் குறுக்கிவிடுகிறது. இதைப் புரிந்துகொண்டால் நிராகரிப்புகளில் மனம் உடையாமல் தயாராக முடியும்.

முகவரி இல்லாமல் எதுவும் நகராது

குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அன்மெல்டுங் என்பார்கள். ‘இவர் என் வீட்டில் குடிவந்திருக்கிறார்’ என்று வீட்டைத் தந்தவர் கையெழுத்திட்ட படிவம் இதற்குத் தேவை. பதிவு முடிந்த பிறகுதான் வரி அடையாள எண் தபாலில் வரும். அது வராவிட்டால் சம்பளத்தில் மிகக் கூடுதலான வரி பிடிக்கப்படலாம். பிறகு திரும்பக் கிடைக்கும் என்றாலும், செலவு அதிகமான முதல் மாதங்களில்தான் அந்தப் பணம் தேவை. தகுதியுள்ள குடும்பங்களுக்கு அரசு தரும் குழந்தைப் படியும் (2026 ஜனவரி முதல் ஒரு பிள்ளைக்கு மாதம் 259 யூரோ) இந்த எண்ணைச் சார்ந்ததுதான். பெர்லினிலும் பவேரியா மாநிலத்திலும் பிள்ளை எந்த அரசுத் தொடக்கப் பள்ளியில் சேர வேண்டும் என்பதையே வீட்டு முகவரிதான் தீர்மானிக்கிறது.

ஆகவே முதல் சில மாதங்களுக்குத் தற்காலிக இடம் பிடிக்கும்போதே, ‘இந்த முகவரியில் எங்கள் பெயரைப் பதிவு செய்ய அனுமதி உண்டா?’ என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள். குறுகிய கால விடுதிகள் பலவற்றில் அந்த அனுமதி கிடைக்காது. பதிவுக்கு வழியில்லாத இடம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் குடும்பத்துக்கு உதவாது.

ஒருவர் முன்னே போகட்டும்

குடும்பத்தை அழைக்கப் போதிய இடவசதி உள்ள வீட்டைக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை முன்பு இருந்தது. 2024 மார்ச் முதல், திறன்மிகு பணியாளர்கள் கணவன் அல்லது மனைவியையும் பிள்ளைகளையும் அழைத்துவர அந்தச் சான்று தேவையில்லை. நல்ல மாற்றம்தான். ஆனால் விசா அதிகாரி கேட்காமல் விட்டதை அன்றாட வாழ்க்கை கட்டாயம் கேட்கும். நால்வரும் ஒரே விமானத்தில் போய் இறங்கி, ஒற்றை அறை சர்வீஸ் அபார்ட்மென்டில் பெட்டிகளுக்கு நடுவே மாதக்கணக்கில் இருப்பதும், வீடு மாறும்போதெல்லாம் பிள்ளையின் பள்ளியும் மாறுவதும், கையிருப்பு கரைவதும் ஒரு குடும்பத்தை மிகவும் சோர்வாக்கிவிடும்.

அதனால் என் அழுத்தமான யோசனை: கணவனோ மனைவியோ, வேலை கிடைத்தவர் முதலில் தனியாகப் போகட்டும். தட்டுமுட்டுச் சாமான்களோடு கிடைக்கும் சிறிய இடத்தை, முகவரிப் பதிவுக்கு அனுமதியோடு, குறைந்தது மூன்று மாதத்துக்கு எடுத்துக்கொள்ளட்டும். வீட்டை நேரில் பார்க்காமல் ஒப்பந்தம் கிடைப்பது அரிது. பெரும்பாலான உரிமையாளர்கள் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டையும் கேட்பார்கள். இரண்டுக்கும் ஆள் அங்கே இருக்க வேண்டும். பிரிவு கசக்கும், குறிப்பாகக் கைக்குழந்தை இருந்தால். அப்படிப் பிரிய முடியாதவர்கள், தற்காலிக வீட்டையாவது நிரந்தரமாகத் தங்க நினைக்கும் பகுதியிலேயே ஆறு மாதத்துக்குப் பேசிக்கொண்டு போங்கள். பிள்ளையின் பள்ளியாவது மாறாமல் இருக்கும்.

கோப்பு தயாரா?

ஒரு நல்ல வீட்டுக்கு நூற்றுக்கணக்கானவர்கள் விண்ணப்பிப்பது பெருநகரங்களில் வழக்கம். வரன் பார்க்கும் வீட்டில் ஜாதகக் கட்டு குவிவதைப் போல விண்ணப்பங்கள் உரிமையாளரின் மேசையில் குவியும். முழுமையாகவும் தெளிவாகவும் இருப்பதைத்தான் கையில் எடுப்பார். உங்கள் கோப்பில் இருக்க வேண்டியவை:

● ஜெர்மன் மொழியில் ஒரு பக்க அறிமுகக் கடிதம். யார், என்ன வேலை, வீட்டில் எத்தனை பேர், எப்போதிலிருந்து வீடு வேண்டும், புகைப்பழக்கமோ வளர்ப்புப் பிராணியோ இல்லை என்றால் அதுவும்.

● வேலை ஒப்பந்தம், கிடைத்திருக்கும் அளவுக்குச் சம்பளச் சீட்டுகள். தகுதிகாண் காலத்தில் இருப்பவர்களைக் கண்டு உரிமையாளர்கள் தயங்குவது உண்டு. வேலை நிரந்தர ஒப்பந்தத்தில் தரப்பட்டது என்று நிறுவனத்திடம் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள்.

● ஷூஃபா எனப்படும் கடன் நம்பகச் சான்று. புதிதாக வந்தவருக்கு அதில் வரலாறே இருக்காது. அதை மறைக்காமல் எழுதிவிட்டு, இந்திய வங்கிக் கணக்கு விவரத்தையோ நிறுவனத்தின் கடிதத்தையோ சேர்த்து வையுங்கள்.

● பழைய வீட்டு உரிமையாளரிடமிருந்து, வாடகை பாக்கி இல்லை என்ற கடிதம். ஊரில் நீங்கள் குடியிருந்த வீட்டின் ஓனரிடமே ஆங்கிலத்தில் எழுதி வாங்கிக்கொண்டு விமானம் ஏறலாம். இந்தச் சிறு காகிதம் பெரிய மதிப்பைத் தரும்.

● அடுத்தவர் பொருளுக்கு ஏற்படும் சேதத்தை ஈடுகட்டும் தனிநபர் காப்பீடு. கட்டணம் குறைவு. உரிமையாளருக்கு நிம்மதி.

வாடகை உங்கள் கைக்கு வரும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்கிறதா என்பதுதான் அவர்கள் பார்க்கும் முதல் கணக்கு. அதைத் தாண்டும் வீட்டுக்கு விண்ணப்பிப்பது பெரும்பாலும் வீண். அதே சமயம், கருவுற்றிருக்கிறீர்களா, என்ன மதம் என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. இனத்தையோ பெயரையோ பார்த்து ஒதுக்குவதை 2006-ல் வந்த சமநடத்தைச் சட்டம் தடை செய்கிறது. ஆனாலும் வெளிநாட்டுப் பெயரைக் கண்டதும் பதில் வராமல் போவது நடக்கத்தான் செய்கிறது. உங்கள் மேல் குறை தேடாதீர்கள். அடுத்த விண்ணப்பத்தை அனுப்புங்கள்.

விளம்பரத்தில் எதைப் பார்ப்பது?

அறைக் கணக்கில்தான் நம்மவர்கள் முதலில் ஏமாறுகிறார்கள். அங்கே ஹாலும் ஓர் அறையாகவே எண்ணப்படும். சமையலறையும் குளியலறையும் கணக்கில் வராது. ஆகவே நம்முடைய 2 பி.எச்.கே. வேண்டுமென்றால் ‘3 சிம்மர்’ வீட்டைத் தேட வேண்டும்.

அடுத்தது வாடகை. கால்ட்மீட்டே என்பது வெறும் வீட்டு வாடகை. அதோடு தண்ணீர், குப்பை, மாடிப்படி சுத்தம் போன்றவற்றுக்கான முன்பணமும், பெரும்பாலும் சூடேற்றும் செலவும் சேர்ந்தால் வார்ம்மீட்டே. மின்சாரமும் இணையமும் இதற்கும் வெளியே. ஒவ்வொரு வீடும் தனியாகக் கட்ட வேண்டிய வானொலி–தொலைக்காட்சிக் கட்டணம் மாதம் 18.36 யூரோ என்று 2021-ல் நிர்ணயிக்கப்பட்டது. எல்லாவற்றையும் கூட்டித்தான் குடும்ப பட்ஜெட் போட வேண்டும். மியூனிக்கில் இன்று விளம்பரமாகும் வீடுகளின் வாடகை சராசரியாகச் சதுர மீட்டருக்கு 20 யூரோவைத் தாண்டிவிட்டது. அதாவது 80 சதுர மீட்டர் வீட்டுக்கு 1,600 யூரோவுக்கு மேல், அதுவும் சூடேற்றும் செலவு சேராமல்.

மூன்றாவது சமையலறை. பல வீடுகளில் அந்த அறையில் தண்ணீர்க் குழாய் இணைப்பும் மின் இணைப்பும் மட்டுமே இருக்கும். அடுப்பு, சிங்க், அலமாரி எதுவும் இருக்காது. முந்தைய குடித்தனக்காரர் தன் சமையலறைச் சாமான்களை உங்களுக்கு விற்க முன்வரலாம். பொருளின் நிலையைப் பார்த்துப் பேரம் பேசுங்கள். தினமும் தாளித்துச் சமைக்கிற வீட்டுக்குப் புகைபோக்கியும் ஜன்னலும் முக்கியம். பழைய கட்டடங்களில் லிஃப்ட் இல்லாத நான்காவது மாடியும் சாதாரணம். தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளும் குழந்தை இருப்பவர்கள் மாடி எண்ணைப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

பணம் கொடுக்கும் முன்

அட்வான்ஸ் அதிகபட்சம் மூன்று மாதக் கால்ட்மீட்டே. அதையும் மூன்று சம தவணைகளில் கட்டும் உரிமை உங்களுக்கு உண்டு. உரிமையாளர் அந்தப் பணத்தைத் தன் சொந்தப் பணத்தோடு கலக்காமல் தனியாக வைக்க வேண்டும். தரகருக்கு யார் வேலை கொடுத்தார்களோ அவர்களே கமிஷன் தர வேண்டும் என்று 2015 ஜூன் முதல் சட்டம் சொல்கிறது. உரிமையாளர் அமர்த்திய தரகர் உங்களிடம் கமிஷன் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

மோசடிகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வரும். அழகான படங்கள், நம்ப முடியாத அளவுக்குக் குறைந்த வாடகை, ‘நான் வேறு நாட்டில் இருக்கிறேன், அட்வான்ஸை அனுப்புங்கள், சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்’ என்ற மின்னஞ்சல். ஊரில் இருந்துகொண்டே வீடு தேடுகிறவர்கள்தான் இதில் அதிகம் சிக்குகிறார்கள். வீட்டை நேரில் பார்த்து, ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும்வரை ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள். பாஸ்போர்ட் நகலையும் அதற்கு முன் கொடுக்காதீர்கள்.

எங்கே தேடுவது?

இம்மோஸ்கவுட், இம்மோவெல்ட், க்ளைன்அன்சைகன் போன்ற இணையதளங்களை எல்லோரும் பார்க்கிறார்கள். அவற்றோடு நிற்காதீர்கள். நகராட்சிகளுக்குச் சொந்தமான வீட்டு நிறுவனங்களிலும் வீட்டுக் கூட்டுறவுச் சங்கங்களிலும் பெயரைப் பதிந்து வையுங்கள். காத்திருப்பு நீளம், ஆனால் வாடகை நியாயமாக இருக்கும். காலி செய்ய விரும்புகிறவர் தனக்குப் பின் குடிவர ஆள் தேடுவது அங்கே வழக்கம். அலுவலக உள்வலையிலும் நண்பர் வட்டத்திலும் அந்தச் செய்திகள்தான் முதலில் வரும். நகர மையத்தையே பிடித்துக்கொண்டிராமல், புறநகர் ரயில் தடத்தில் நான்கைந்து நிறுத்தம் தள்ளிப் பாருங்கள். குடும்பங்களுக்கு ஏற்ற வீடுகள் அங்கேதான் அதிகம்.

டார்ட்மண்ட், எஸ்ஸன், டுசல்டார்ஃப் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொரு பலம் உண்டு. இந்த நகரங்கள் இருக்கும் மாநிலத்தில் ஈழத் தமிழர்கள் நாற்பது ஆண்டுகளாக வேரூன்றி வாழ்கிறார்கள். ஹாம் நகரில் 2002-ல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் கோயில் அவர்கள் எழுப்பியது. அகதிகளாக வந்து, மொழி தெரியாமல், ஒவ்வொரு வீட்டுக்கும் போராடியவர்கள் அவர்கள். எந்தப் பகுதியில் பள்ளி நல்லது, எந்த ஒப்பந்தத்தில் எந்த வாசகம் ஆபத்து என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். தமிழ்ச் சங்கத்துக்கோ கோயிலுக்கோ போய் மரியாதையாகக் கேளுங்கள்.

சாவி கையில் வந்த பிறகு

வீட்டைப் பெற்றுக்கொள்ளும் நாளில் சுவரின் கீறல், தரையின் கறை, மீட்டர் அளவு எல்லாவற்றையும் ஒப்படைப்புப் படிவத்தில் எழுதிப் படமும் எடுத்து வையுங்கள். காலி செய்யும்போது அட்வான்ஸ் முழுதாகத் திரும்புவது இந்தக் காகிதத்தைப் பொறுத்தது. குளிர்காலத்திலும் தினமும் சில நிமிடம் ஜன்னல்களை அகலத் திறந்து காற்றோட்டம் விடுங்கள். இல்லையென்றால் சுவரில் பூஞ்சை பிடித்து, பழி உங்கள் மேல் வரும். இரவு 10 முதல் காலை 6 வரையும் ஞாயிறு முழுவதும் அமைதி காக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சுவரில் துளை போடாதீர்கள்.

ஊருக்கு ஊர் வாடகைதாரர் சங்கம் உண்டு. ஆண்டுச் சந்தா கட்டினால் ஒப்பந்தத்தையும் ஆண்டுச் செலவுக் கணக்கையும் அங்குள்ள வழக்கறிஞர்கள் பார்த்துச் சொல்வார்கள். வீட்டுத் தட்டுப்பாடு உள்ள பகுதிகளில், புதிய ஒப்பந்தத்தின் வாடகை உள்ளூர் ஒப்பீட்டு வாடகையைவிடப் பொதுவாக 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று 2015 முதல் விதி இருக்கிறது. விதிவிலக்குகளும் உண்டு, உங்கள் வீடு எதில் வருகிறது என்பதை அந்தச் சங்கமே சொல்லும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வீட்டைப் பற்றிய பேச்சு ஜெர்மனியில் தொடங்கக் கூடாது. வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் சென்னையிலேயே தொடங்க வேண்டும். சம்பளத்துக்குப் பேரம் பேசுவதைப் போலவே, மூன்று மாதத் தற்காலிக வீடு, வீடு தேட உதவும் முகவர், உரிமையாளரிடம் காட்ட ஒரு கடிதம் ஆகிய மூன்றையும் நிறுவனத்திடம் கேளுங்கள். திறமையானவர்களை இழக்க விரும்பாத நிறுவனங்கள் இவற்றைத் தருகின்றன, கேட்காதவர்களுக்குத்தான் கிடைப்பதில்லை. வீட்டு ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு குடும்பத்துக்கு டிக்கெட் போடுங்கள்.