கலத்தின் உணவும் கட்டியின் குணமும்

கழுத்து வீங்கினால் அயடீன் குறைவே காரணம் என்று கொள்வது எமது களுவாஞ்சிக்குடியிலும் பிறவூர்களிலும் உள்ள வழக்கம். 1995 முதல் உப்புக்கு அயடீன் சேர்ப்பது நாடெங்கும் சட்டமாயிற்று. எனினும் தைரொயிட்டுச் சுரப்பியிற் புற்றுநோய் எழுதல் வேறொரு செய்தி. 2019ஆம் ஆண்டின் தேசியப் பதிவேட்டின்படி, இலங்கைப் பெண்களிடையே மார்புப் புற்றுநோய்க்கு அடுத்த இடம் இதற்கே.

அஞ்சற்க. இந்நோயுற்றோருட் பெரும்பாலோர் நெடுங்காலம் நலமாய் வாழ்கின்றனர். சாதுவான கட்டியையும் கொடிய கட்டியையும் தொடக்கத்திலேயே பிரித்தறிவதுதான் அரிது. பிரித்தறியாவிடின், ஒருத்தி வீணே சுரப்பி முழுவதையும் இழந்து வாழ்நாளெல்லாம் தைரொக்சின் மாத்திரை உண்ண நேரும். மற்றொருத்திக்கு வேண்டிய சிகிச்சை வேளைக்குக் கிட்டாது.

கலம் எதனை உண்கிறது என்று நோக்கி அதன் குணத்தை அறியலாமா? தைரொயிட்டுக் கலத்தின் இயல்பான தொழில் குருதியிலிருந்து அயடீனை இழுத்துக்கொள்வது. அவ்வாறு இழுக்கும் புரதத்துக்குரிய பரம்பரையலகு 1996இல் அடையாளங் காணப்பெற்றது. புற்றுக்கலம் இத்தொழிலை மறவாதிருக்கும்வரை, கதிர்த்தொழிற்பாட்டு அயடீனை உட்கொள்ளக் கொடுத்து அதனை அழிக்கலாம். பகைவன் தானே கைநீட்டி நஞ்சை வாங்கி உண்பது போலாம். தொழிலை மறந்த கலமோ பெரும்பாலும் குளுக்கோசை அளவிறந்து விழுங்கத் தலைப்படும். புற்றுக்கலங்களின் இச்சீனிப் பசியை ஜேர்மானிய அறிஞர் ஒட்டோ வார்பேர்க் 1920களிலேயே கண்டார். அயடீனைக் கைவிட்டுச் சீனியைப் பற்றிய கட்டி பெரும்பாலும் பொல்லாதது.

இன்றைய ஆய்வாளர் இதனையே விரித்து, அனுசேபத்தோடு தொடர்புடைய பரம்பரையலகுகளுள் எவை மிகுந்து தொழிற்படுகின்றன, எவை அடங்கிவிட்டன என அளந்து, ஒவ்வொன்றுக்கும் நிறையிட்டுக் கூட்டி, நோயாளிக்கு ஓர் எண் வகுக்கின்றனர். எண் உயர்ந்தால் ஆபத்து மிகுதி என்பது அவர் கணிப்பு. இவ்வாய்வுகளுட் பல, 2014இல் வெளியான ஏறத்தாழ 500 கட்டிகளின் அமெரிக்கத் தொகுப்பையே ஆதாரமாகக் கொண்டவை. எமக்கு ஐயம் எழுவது இங்கேதான். அத்தொகுப்பில் இறந்தோர் மிகச் சிலர். சிலரது முடிவைக் கொண்டு பல பரம்பரையலகுகளை நிறுத்துப் பார்த்தால், தற்செயலும் விதியெனத் தோன்றும். மட்டக்களப்பு வாவிக்கரை மாதருக்கு அதே எண் பொருந்துமா என்பதை அவர்தம் கட்டிகளைச் சோதித்தே சொல்லவேண்டும்.

ஆதலின் இவ்வெண் நாளாந்த வைத்தியத்துக்கு இன்னும் வந்திலது. கட்டியின் பருமன், நிணநீர்க் கணுக்களிற் பரவல், நோயாளியின் வயது என்பனவே இன்றும் முதன்மை பெறுகின்றன. 55 வயதுக்குட்பட்டோர்க்கு நோய்நிலை வேறாகக் கணிக்கப்பெறும். களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலைக்குக் கழுத்துக் கட்டியோடு செல்பவர் எண்ணைப் பற்றி வினவ வேண்டியதில்லை. கட்டி எப்போது தோன்றியது, குரல் மாறிற்றா, விழுங்கத் தடையுண்டா, குடும்பத்தில் எவருக்கேனும் இருந்ததா என்பவற்றை வைத்தியரிடம் மறவாது சொல்லட்டும்.